டீம் லீடர் பதவியிலிருந்து இறங்கி வரலாமா?

கேள்வி:

மேடம், எனக்கு வயது 33. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாத முடிவுக் கணக்கு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, ஆடிட்டர் கேட்கும் ஆவணங்கள் என்று எதைக் கொடுத்தாலும் பிசகில்லாமல் முடிப்பவன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தே ஒன்றரை ஆண்டுக்கு முன்பு டீம் லீடர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே ஏழு பேர். அன்றோடு நிம்மதி போயிற்று. யாராவது தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்க வாய் வருவதில்லை. தவறு செய்தால் திருப்பி அனுப்பாமல் இரவு உட்கார்ந்து நானே திருத்திவிடுகிறேன். அப்ரைசல், அதாவது ஆண்டு வேலை மதிப்பீடு, நெருங்கினாலே வயிற்றைப் பிசைகிறது. இப்போது உதவி மேலாளர் பதவி தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டாம். ஒருவர் முன்னால் நின்று நடத்த, பக்கபலமாக இருந்து வேலையை முடித்துக் கொடுப்பதில்தான் எனக்கு நிறைவு. வீட்டில் சொன்னால், “முன்னேற ஆசையே இல்லையா?” என்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஏற்ற வேலைகள் எவை? பழைய இடத்துக்கே அனுப்புங்கள் என்று கேட்கலாமா? கேட்டால் பிறகு என் நிலைமை என்ன ஆகும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டார் கேட்ட கேள்வியை முடித்துவிடுவோம். முன்னேற ஆசை இல்லாதவர், இரவு கண்விழித்து ஏழு பேரின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டார். உங்களுக்கு வேலையின் மேல் ஆசை இருக்கிறது, ஆட்களை நடத்துவதில் இல்லை. ஆனால் பல அலுவலகங்களில் மேலே போக ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் சிலரைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததற்குப் பரிசாக, அந்த வேலையையே செய்யவிடாத பதவியைக் கொடுப்பது உலகம் முழுக்க நடக்கிற கூத்து.

லாரன்ஸ் பீட்டர் என்பவர் 1969-இல் ரேமண்ட் ஹல்லோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் இதைக் கேலியாகச் சொன்னார். திறமையைக் காட்டக் காட்டப் பதவி உயர்ந்துகொண்டே போகும். கடைசியில் தன் திறமை எடுபடாத ஒரு பதவியில் போய் உட்காருவார். அதற்கு மேல் உயர்வு கிடைக்காது என்பதால் அங்கேயே தங்கியும் விடுவார். கேலியை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் பல நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களைப் பற்றிய தரவுகளை வைத்து இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நன்றாக விற்பவர்களுக்குத்தான் மேலாளர் பதவி அதிகம் கிடைத்தது. ஆனால் முன்பு மிக அதிகமாக விற்றவர்கள் மேலாளராக வந்த இடங்களில், அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்தது. ஆகவே உங்களுக்கு நேர்ந்தது உங்கள் குணத்தின் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அடுத்தது. “எனக்குத் தலைமை வேண்டாம், பக்கபலமாக இருக்கிறேன்” என்று வருகிறவர்களிடம் நான் வேலைப் பட்டியலை உடனே நீட்டுவதில்லை. தலைமையில் எந்தப் பகுதி வேண்டாம் என்று கேட்பேன். ஏனென்றால் அதில் பல சங்கதிகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சிலருக்கு, போதிய விவரம் கையில் இல்லாதபோதும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும் என்பது பயம். சிலர் பத்துப் பேர் முன்னால் பேசுவதற்கு அஞ்சுவார்கள்; தனியாக முடிவெடுக்கச் சொன்னால் பிரமாதமாக எடுப்பார்கள். இன்னொருவர் செய்த தவறுக்குத் தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று புழுங்குகிறவர்கள் உண்டு. பிறரை விரட்டி வேலை வாங்குவது பிடிக்காதவர்கள் உண்டு. முகத்துக்கு நேரே “இது சரியில்லை” என்று சொல்ல வராதவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒருவருக்குப் பொருந்தும் வேலை மற்றவருக்கு நரகமாக இருக்கும்.

உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தேன். முடிவெடுக்கப் பயம் என்று ஓரிடத்திலும் நீங்கள் சொல்லவில்லை. பொறுப்பைத் தட்டிக் கழிப்பவராகவும் தெரியவில்லை; மற்றவர்கள் சுமக்க வேண்டியதையும் சேர்த்தல்லவா சுமக்கிறீர்கள்! தாமதமாக வந்தவரைக் கேட்பது, பிழையைத் திருப்பி அனுப்புவது, அப்ரைசலில் மதிப்பெண் போடுவது, இந்த மூன்றும்தான் சிக்கல். மூன்றுமே ஒன்றுதான்: இன்னொருவரின் குறையை அவரிடமே சொல்ல வேண்டிய கட்டாயம்.

குழுக்களில் யார் என்ன பங்கு வகிக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மெரடித் பெல்பின். 1981-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் பிரித்துக் காட்டிய பங்குகளில் ஒன்று, வேலையைக் கடைசி நுனிவரை கொண்டுபோய்ப் பிழை நீக்கி முடித்துக் கொடுப்பவர். அந்த வகை ஆட்களின் குறையாக அவர் குறித்திருப்பவை இரண்டு: தேவைக்கு மேல் கவலைப்படுவது, வேலையைப் பிறரிடம் பிரித்துக் கொடுக்கத் தயங்குவது. உங்களைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது, இல்லையா? பலமும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதால், குறையை மட்டும் தனியாக வெட்டி எடுக்க முடியாது. அந்தக் குறை அதிகம் இடறாத வேலையாகப் பார்த்துப் போகலாம்.

ஆனாலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு மேலே போவோம். இது உங்கள் விருப்பமா, அல்லது யாரும் சொல்லித் தராத ஒரு பழக்கத்தின் குறைவா? டீம் லீடர் ஆக்கியபோது ஆட்களை நடத்துவது பற்றி யாராவது ஒரு நாளாவது பயிற்சி கொடுத்தார்களா? பெரும்பாலும் கொடுப்பதில்லை. குறையை எடுத்துச் சொல்வது ஓரளவு கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். கூச்ச சுபாவம் இருந்தால் தலைமைக்கு லாயக்கில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். உளவியலாளர் ஆடம் கிராண்ட் உள்ளிட்ட மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தாமாகவே யோசனை சொல்லி முன்வரும் ஊழியர்கள் இருக்கும் குழுக்களை அமைதியான சுபாவமுள்ள தலைவர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள் என்று கண்டார்கள்.

ஆகவே உங்களையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் குழுவில் இருக்கும் ஏழு பேரும் நாளைக் காலையிலிருந்து நேரத்துக்கு வந்து, பிழையே இல்லாமல் வேலை செய்து, ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமலும் இருந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தப் பதவி உங்களுக்கு வேண்டாமா? “அப்படியென்றால் பரவாயில்லை, இருப்பேன்” என்று மனம் சொன்னால், உங்களுக்குத் தேவை பயிற்சி. பதவியை விடுவது அவசரப்பட்ட முடிவு. “அப்போதும் எனக்கு அந்தக் கணக்குத் தாள்களோடு உட்காரத்தான் ஆசை” என்றால், விருப்பம் எது என்பது தெளிவு. கடிதத்தின் தொனியை வைத்துப் பார்த்தால் நீங்கள் இரண்டாவது ஆள் என்றே எனக்குப் படுகிறது. அப்படி எடுத்துக்கொண்டே மீதியை எழுதுகிறேன்.

உங்களுக்குப் பொருந்தும் வேலைகள் கணக்குத் துறைக்குள்ளேயே நிறைய இருக்கின்றன. ஒன்பது ஆண்டு அனுபவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துறைக்கு ஓட வேண்டிய அவசியம் எதுவும் தெரியவில்லை. நிறுவனம் பெரியதாக இருந்தால், சிக்கலான கணக்குச் சரிபார்ப்புகளுக்கென்றே தனி ஆட்களை வைத்திருப்பார்கள். பல கிளைகளின் கணக்கை ஒன்றாக்குவது, நிறுவனங்களுக்கிடையேயான பற்று வரவை நேர் செய்வது போன்ற வேலைகளில் ஒருவர் பத்து ஆண்டு ஊறினால் அவரை யாராலும் அசைக்க முடியாது. வரித் தாக்கல், பேரோல் எனப்படும் சம்பளக் கணக்கு இரண்டும் அதே ரகம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கெடு தேதி தவறக் கூடாது, பிழை கூடாது. உங்களைப் போன்றவர்கள் தேவைப்படும் இடங்கள் இவை.

நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புவது கணக்கு மென்பொருள் பக்கம். எந்த நிறுவனத்திலும், கணக்கு, கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் இ.ஆர்.பி. மென்பொருளைப் புதிதாக நிறுவும்போதும் மாற்றும்போதும், மென்பொருள்காரர்களுக்குக் கணக்கு தெரியாது, கணக்குக்காரர்களுக்கு மென்பொருள் தெரியாது என்ற நிலை வரும். இடையில் நின்று, “மாத முடிவில் இந்தப் பதிவு இப்படித்தான் விழ வேண்டும்” என்று எழுதிக் கொடுத்து, சோதித்துப் பார்த்து, பயன்படுத்துபவர்களின் சந்தேகத்தைத் தீர்க்கிற ஆளுக்கு நல்ல மதிப்பு. அவருக்குக் கீழே ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அவரைக் கேட்காமல் ஒன்றும் நகராது. உங்களுக்கு மென்பொருளில் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான்.

உள் தணிக்கை பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அதில் ஒரு எச்சரிக்கை. மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அந்த வேலையே. ஆனால் ஆதாரத்தை வைத்து, எழுத்தில், ஒரு முறைமைக்கு உட்பட்டுச் சொல்வது. நாளைக்கும் அதே ஆளோடு பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. தாமதமாக வந்தவரைக் கேட்க வாய் வராத பலருக்கு, “இந்த வவுச்சரில் கையெழுத்து இல்லை” என்று எழுதுவதில் ஒரு சிரமமும் இருப்பதில்லை. நீங்கள் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பக்கபலமாக இருப்பதிலும் வகைகள் இருக்கின்றன. ஒரு மனிதருக்குத் துணையாக இருப்பது ஒரு வகை: நிர்வாக உதவியாளர், ஆராய்ச்சி உதவியாளர், வழக்கறிஞருக்கு ஆவணம் தயாரிப்பவர், அறுவை சிகிச்சையில் கருவி எடுத்துக் கொடுக்கும் செவிலியர். ஒரு பொருளுக்கோ அமைப்புக்கோ துணையாக இருப்பது வேறு: மென்பொருள் சோதனையாளர், தரவுத்தள நிர்வாகி, ஆய்வகத் தொழில்நுட்பர், மருத்துவ ஆவணங்களுக்குக் குறியீடு போடுபவர், நூலகர், ஆவணக் காப்பாளர், பிரதியைச் செப்பனிடும் ஆசிரியர், மெய்ப்புத் திருத்துபவர், ஒலிப்பதிவாளர். பயனாளிகளுக்கு நேரடியாகத் துணை நிற்பது மூன்றாவது: இயன்முறை சிகிச்சை உதவியாளர், சிறப்புக் குழந்தைகளின் வகுப்பறை உதவியாளர், மொழிபெயர்ப்பாளர், வாடிக்கையாளர் சேவை. மூன்றுக்கும் வேண்டிய சுபாவம் வேறு வேறு. மனிதர்களோடு பேசிக் களைத்துப்போகிறவர் மூன்றாவது வகைக்குப் போனால், தலைமைப் பதவியில் பட்ட பாட்டையே அங்கும் படுவார். தனக்கு எது பொருந்தும் என்று குழம்புகிறவர்கள், அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் ஓ*நெட் தளத்தில் இருக்கும் விருப்பச் சோதனையைச் செய்து பார்க்கலாம். இலவசம். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு விருப்ப வகைகளை அடிப்படையாகக் கொண்டது. வரும் விடையை வேதவாக்காக எடுக்காமல், யோசிக்க ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டால் போதும்.

பெயரைப் பார்த்து ஏமாந்துபோகும் வேலைகளும் உண்டு. புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர் என்றால் உதவி வேலை போலத்தான் தோன்றும். உண்மையில் நாள் முழுக்க, “முடித்துவிட்டீர்களா, எப்போது முடிப்பீர்கள்?” என்று இருபது பேரைத் துரத்த வேண்டும், அதுவும் அதட்டும் அதிகாரம் இல்லாமல். நாடக மேடை நிர்வாகியும் அப்படித்தான். திரைக்குப் பின்னால் இருக்கிறார் என்பதற்காக அமைதியான வேலை என்று நினைத்துவிடக் கூடாது, நிகழ்ச்சி ஓடும்போது ஒவ்வொரு கட்டளையும் அவர் வாயிலிருந்துதான் வரும். பெரிய அதிகாரி ஒருவரின் நிர்வாக உதவியாளர், அவர் சார்பில் பலரிடம் “இன்று முடியாது” என்று சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு இந்த மூன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேடைக் கூச்சம் மட்டும்தான் பிரச்சினை என்று ஒருவர் வந்தால், அவரிடம் இதே மூன்றையும் சொல்வேன்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. பக்கபலமாக இருக்கிறேன் என்பதற்குச் சிலர், “சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறேன், என்னை எதுவும் கேட்காதீர்கள்” என்று அர்த்தம் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு நல்ல வேலை எங்கும் இல்லை. 1988-இல் மேலாண்மை ஆய்வாளர் ராபர்ட் கெல்லி, பின்தொடர்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைவர்களைப் பற்றி மலை மலையாக எழுதிக் குவிக்கிறோம், அவரோடு வேலை செய்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே என்பது அவர் ஆதங்கம். இரண்டு அளவுகோல்களை வைத்து அவர்களைப் பிரித்தார். ஒருவர் தானாகச் சிந்திக்கிறாரா? தானாக முன்வந்து செய்கிறாரா? இரண்டும் இல்லாதவரை ஆட்டு மந்தை என்றார். முன்வருவார், ஆனால் சிந்திக்க மாட்டார் என்றால் ஆமாம் சாமி. இரண்டும் இருப்பவரே நல்ல துணை. தலைவருக்குத் தேவைப்படும் குணங்கள்தான் நல்ல துணைக்கும் தேவை, இருக்கும் இடம்தான் வேறு என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழு உடன்பாடு.

வாய் திறக்காத துணையால், அல்லது திறந்தும் அழுத்திச் சொல்லாத துணையால் என்ன ஆகும் என்பதற்கு விமானத் துறையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மூடுபனியில் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். மேலெழும்ப ஓடத் தொடங்கிய கே.எல்.எம். விமானத்தில் விமானிகள் அறையில் இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. எதிரே இருக்கும் பான் அமெரிக்கன் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டும் விட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார். அதற்கு மேல் பொறியாளர் வற்புறுத்தவில்லை. விபத்துக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. அந்த ஒரு மனிதர் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஆனால் இதுவும் இதைப் போன்ற வேறு விபத்துகளும் சேர்ந்து விமானத் துறையை யோசிக்க வைத்தன. 1979-இல் நாசா இதற்கென்று ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானக் குழுக்களுக்கு முழுமையான பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. துணை விமானி தலைமை விமானியை மறுத்துப் பேசுவதை வேலையின் பகுதியாகவே அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். தலைமை விமானி காது கொடுத்துக் கேட்பதையும் சேர்த்துத்தான்.

உங்கள் வேலையில் உயிர் போகாது. ஆனால் மேலாளர் ஒரு செலவைத் தவறான மாதத்தில் பதியச் சொன்னால், “இது ஆடிட்டில் நிற்காது, சார்” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கீழே இருப்பவரின் குறையைச் சொல்வதைவிட மேலே இருப்பவரிடம் வேலையைப் பற்றிய ஆட்சேபணையைச் சொல்வது சிலருக்கு எளிது. உங்களுக்கும் எளிதாக இருக்கலாம். ஆடிட்டர் முன்னால் ஒன்பது ஆண்டு உட்கார்ந்தவர் அல்லவா?

துணைப் பதவிகளின் பாதகங்களையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சம்பளம் ஓரிடத்தில் நின்றுவிடலாம். எல்லா நிறுவனங்களிலும் என்று சொல்ல மாட்டேன். ஆட்களை நிர்வகிக்காமலே மேலே போகத் தனிப் பாதை வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, ஐ.பி.எம். 1960-களிலேயே தன் தலைசிறந்த தொழில்நுட்ப வல்லுநர்களுக்கென்று ஓர் உயர்பதவியை உருவாக்கிவிட்டது. தொழில்நுட்பத் துறையில் இது இப்போது சாதாரணம், கணக்குத் துறையில் அவ்வளவு இல்லை. ஆகவே புதிய இடத்துக்கு நேர்காணலுக்குப் போனால், “உங்களிடம் ஆட்கள் யாரும் இல்லாமல், வேலைத் திறமையை வைத்தே இரண்டு கட்டம் மேலே போனவர் இருக்கிறாரா? அவர் என்ன வேலை பார்க்கிறார்?” என்று கேளுங்கள். ஒருவரைச் சட்டென்று காட்டினால் நம்பலாம். “எங்களிடம் எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு” என்று பொதுவாக இழுத்தால், அப்படி யாரும் இல்லை என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

அடுத்த பாதகம், உதவும் மனம் இருப்பவரின் தலையில் எல்லாம் வந்து விழுவது. கூட்டக் குறிப்பு எழுதுவது, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது, பிரிவு உபசாரத்துக்குப் பணம் வசூலிப்பது. யாராவது செய்தே ஆக வேண்டும், ஆனால் அப்ரைசலில் ஒரு வரி கூட வராது. லிண்டா பாப்காக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பதவி உயர்வுக்கு உதவாத இப்படிப்பட்ட வேலைகளை ஏற்க ஆண்களைவிடப் பெண்களே அதிகம் முன்வருகிறார்கள், பெண்களிடம்தான் அதிகம் கேட்கவும் படுகிறது என்று காட்டினார்கள். பெண் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கபலமாக இருக்கப் பிடிக்கும் என்பது உங்கள் சொந்த விருப்பமா, சிறுவயதிலிருந்து உங்களிடம் எதிர்பார்க்கப்பட்டதா என்று ஒருமுறை உரசிப் பார்ப்பது நல்லது. எந்த விடை வந்தாலும் தப்பில்லை. செய்ததை எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் எல்லோருக்கும் வேண்டும். முன்னால் நிற்பவரின் வேலை தானாகவே கண்ணில் படும், உங்கள் வேலை படாது. மாதக் கணக்கை எத்தனை நாள் முன்னதாக முடித்தீர்கள், எந்தப் பிழையை ஆடிட்டர் வருமுன் பிடித்தீர்கள் என்று மாதம் இரண்டு வரி போதும்.

இயந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டச்சு, பதிவேற்றம், கூட்டக் குறிப்பு, எளிய கணக்குச் சரிபார்ப்பு போன்ற உதவி வேலைகளை மென்பொருள் வேகமாக எடுத்துக்கொண்டு வருகிறது. துணைப் பதவி தேடுகிறவர்கள் வேலை விவரத்தைப் படிக்கும்போது, “இதில் நான் தீர்மானிக்க வேண்டியது எது?” என்று பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால், வேலை சுலபமாகத் தெரிந்தாலும் அதில் நீண்ட நாள் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, யாருக்குத் துணையாக இருக்கப் போகிறீர்கள் என்பது. பதவியின் பெயர், கம்பெனியின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். தலைமைப் பதவியில் இருப்பவருக்குத் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளக் கொஞ்சமாவது இடம் இருக்கும். துணையாக இருப்பவரின் நாள் அந்தத் தலைவரின் குணத்தைப் பொறுத்தது. முடிவே எடுக்காமல் இழுக்கிறவர், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்கிறவர், நல்ல பெயரைத் தான் எடுத்துக்கொண்டு தவறை உங்கள் பக்கம் தள்ளுகிறவர், இவர்களிடம் மாட்டினால் எவ்வளவு பொருத்தமான வேலையும் கசந்துவிடும். அதனால் நேர்காணலில் நீங்களும் அவரை எடை போடுங்கள். உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் எத்தனை நாள் இருந்தார், ஏன் போனார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கலாம், தப்பில்லை. “நான் ஒரு தவறைச் சுட்டிக்காட்டினால் எப்படிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும்?” என்றும் கேட்டுப் பாருங்கள். யோசித்துப் பதில் சொல்கிறாரா, “நீங்கள் ஏன் சுட்டிக்காட்டப் போகிறீர்கள்?” என்பது போல முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அதே நேர்காணலில் உங்களையும் ஒரு கேள்வி கேட்பார்கள்: ஐந்து ஆண்டில் எங்கே இருக்க நினைக்கிறீர்கள்? மேலாளராக என்று பொய் சொல்ல வேண்டாம். நம்பிவிட்டால் அதைவிடக் கஷ்டம், உண்மையிலேயே ஆக்கிவிடுவார்கள். “எனக்கு ஆசை எதுவும் இல்லை” என்றும் சொல்ல வேண்டாம். “இந்தப் பிரிவில் கடினமான சிக்கல் எது வந்தாலும் முதலில் என்னிடம் கேட்கிற அளவுக்கு வளர வேண்டும்” என்று சொல்லலாம். உங்கள் விஷயத்தில் அது உண்மையும் கூட. டீம் லீடராக இருந்ததை ரெஸ்யூமேயில் மறைக்கவும் வேண்டாம். ஏன் இறங்குகிறீர்கள் என்று கேட்டால், இரண்டையும் செய்து பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நீட்டி விளக்கினால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

இப்போது உங்கள் அலுவலகம். உதவி மேலாளர் பேச்சு அதிகாரபூர்வமாக வரும் முன்பே மேலாளரிடம் பேசிவிடுங்கள். கடிதம் கையில் வந்தபின் மறுத்தால் அவருக்கு மேலிடத்தில் தலைகுனிவு, அதை அவர் மறக்க மாட்டார். மாத முடிவு நெருக்கடி இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, தனியாக நேரம் கேளுங்கள். “என்னால் முடியவில்லை” என்று தொடங்க வேண்டாம். இந்தப் பிரிவுக்கு நான் எங்கே அதிகம் பயன்படுகிறேன் என்று யோசித்தேன் என்று தொடங்கி, கையோடு ஒரு யோசனையையும் கொண்டுபோங்கள். பிரிவில் எது தொடர்ந்து தலைவலி கொடுக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அது கிளைக் கணக்கு இணைப்போ மென்பொருள் மாற்றமோ எதுவாக இருந்தாலும், “அதை முழுப் பொறுப்பாக எனக்குக் கொடுங்கள், குழுவை வேறொருவர் பார்க்கட்டும்” என்று கேளுங்கள். காலி நாற்காலியை விட்டுப் போகிறவராகத் தெரியாமல் இருக்க, குழுவில் யார் அந்த இடத்துக்குச் சரிப்படுவார் என்று ஒரு பெயரையும் சொல்லுங்கள். ஏழு பேரில் ஒருவராவது அப்படி இருப்பார். பொறுப்பைக் கைமாற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

சம்பளம் குறையுமா என்ற கேள்வியை வெட்கப்படாமல் அதே பேச்சில் கேளுங்கள். டீம் லீடருக்கென்று தனிப்படி ஏதாவது இருந்தால் அது போகும், அதற்குத் தயாராக இருங்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் அனுபவம் குறையவில்லை. மறுநாளே எல்லாவற்றையும் முடிவு செய்ய அவரை நெருக்க வேண்டாம். ஆனால் பேசியதைச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலில் அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால், வெளியே தேடத் தொடங்குங்கள். கையில் வேலை இருக்கும்போது தேடுவதால் அவசரப்பட்டு எதையும் ஏற்க வேண்டியிருக்காது.

அதுவரை, அடுத்த முறை பிழையோடு ஒரு தாள் வந்தால், இரவு உட்கார்ந்து திருத்தாமல் திருப்பி அனுப்பிப் பாருங்கள். நேரில் சொல்ல வாய் வராவிட்டால், பிழை இருக்கும் வரியைக் குறித்து, “இதைச் சரிபார்த்து நாளை 11 மணிக்குள் அனுப்புங்கள்” என்று எழுதி அனுப்பினால் போதும்.